மோனிகாவுடன் ஒரு கோடை (1953): அந்தக் கோடை யாருடையது?

இரவுக்காட்சி

இருபது வயதில், ஒரு திரைப்படச் சங்கத்தின் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். படம் முடிந்ததும் எதிரே இருந்த டீக்கடையில் நாங்கள் நான்கு பேர் நின்று மோனிகாவைத் திட்டித் தீர்த்தோம். கைக்குழந்தையையும் கணவனையும் விட்டுப் போனவள், வாடகைப் பணத்தில் உடுப்பு வாங்கியவள் என்று. ஹாரியை நினைத்து எங்களுக்குத் தொண்டை அடைத்தது. போன வாரம், நாற்பத்து மூன்று வயதில், வீட்டில் எல்லோரும் தூங்கியபின் மறுபடி பார்த்தேன். இந்த முறை அவள்மேல் கோபமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்காகத்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் வரும். வேண்டாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். ஸ்வீடனின் இங்மர் பெர்க்மன் இயக்கியது. இடம் ஸ்டாக்ஹோம். ஹாரி பீங்கான், கண்ணாடிப் பொருள்கள் விற்கும் ஓரிடத்தில் எடுபிடி. மோனிகாவுக்குக் காய்கறிக் கிடங்கில் வேலை. ஒரு காப்பிக் கடையில் சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டு அவள்தான் பேச்சைத் தொடங்குகிறாள். இருவரும் வேலையை உதறிவிட்டு, ஹாரியின் அப்பாவுடைய சிறிய மோட்டார்ப் படகை எடுத்துக்கொண்டு தீவுகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே பணம் தீர்கிறது, சாப்பாடு தீர்கிறது, அவள் கருவுறுகிறாள், குளிர் எட்டிப் பார்க்கிறது, திரும்பி வருகிறார்கள். கல்யாணம், குழந்தை, நெருக்கடியான வீடு. ஹாரி பொறியாளர் ஆவதற்குப் படிக்கிறான். மோனிகா வேறொருவனோடு போகிறாள். கடைசியில் ஹாரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஒரு கண்ணாடியின் முன் நின்று அந்தக் கோடையை நினைத்துப் பார்க்கிறான்.

என் கேள்வி இதுதான். கடைசியில் கோடையை நினைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஹாரிக்கு மட்டும் ஏன் கிடைக்கிறது? எங்காவது போய்விடலாம் என்று முதலில் ஆசைப்பட்டதே அவள்தானே?

பழைய டிக்கெட்

தம்பி, வயது ஏறினால் இரக்கம் ஊறும். அதற்காக நியாயம் மாறிவிடாது. நான் இந்தப் படத்தை 16 மி.மீ. பிரதியில் பார்த்த தலைமுறை. சுருள் மாற்றும்போது விளக்கைப் போடுவார்கள். அந்த இரண்டு நிமிட வெளிச்சத்தில் யார் கண் கலங்கியிருக்கிறது என்று பக்கத்து ஆளுக்குத் தெரிந்துவிடும். அப்படிப் பார்த்த படம் இது.

பெர்க்மன் மோனிகாவைத் தண்டிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தை யார் கையில் கொடுத்து முடிக்கிறார்? ஹாரியின் கையில். குழந்தையும் அதே கையில்தான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. பொறுப்பை ஏற்றவனுக்கு நினைவும் சொந்தம்.

இன்னொன்று. பின்பகுதியில், வேறொருவனோடு இருக்கும் அந்தக் காப்பிக் கடைக் காட்சியில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நேராக நம்மைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறாளே, நினைவிருக்கிறதா? கொஞ்சமும் கூசாத சிரிப்பு. அதைப் பார்த்த பிறகுமா உங்களுக்குக் கோபம் வரவில்லை?

மழைக்குருவி

ஐயா, குழந்தை யார் கையில் என்று கேட்டீர்கள். படம் நெடுகப் பார்த்தால் பெரும்பாலும் ஹாரியின் அத்தையின் கையில். கடைசிக் காட்சியில் மட்டும் ஹாரி தூக்கிக்கொண்டு நிற்கிறான், நமக்கு நெஞ்சு கரைகிறது. பின்னால் இருந்து பால் புகட்டிய அத்தைக்காக எந்தத் திரைப்படச் சங்கமும் அழுததாகத் தெரியவில்லை.

மோனிகா எங்கிருந்து கிளம்பினாள் என்பதையும் பாருங்கள். சின்னஞ்சிறு வீடு, தம்பி தங்கைகளின் இரைச்சல், குடித்துவிட்டு வந்து கை நீட்டும் அப்பா. வேலைக்குப் போனால் அங்கே உள்ள ஆண்கள் போகிற போக்கில் அவள்மேல் கை வைக்கிறார்கள். அதை ஒரு விளையாட்டுப் போலச் செய்கிறார்கள். அவளுக்கென்று ஒரு மூலை எங்குமே இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாகக் கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த இடம் அந்தப் படகின் குட்டி அறைதான். கோடை முடிந்ததும் அவளைக் கொண்டுபோய் மறுபடி எங்கே வைத்தார்கள்? இன்னொரு நெருக்கமான வீட்டில், அழும் குழந்தையோடு. தப்பி ஓடிய அதே இடம், இந்த முறை அம்மா வேடத்தில் அவள்.

ஹாரி நல்லவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்குப் படிப்பு இருக்கிறது. படிப்பு என்றால் நாளை என்று ஒன்று இருக்கிறது என்று பொருள். அவளுக்கு அப்படி எதையும் யாரும் காட்டவில்லை. எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். நான் எங்கும் போகவில்லை. ஆனால் போகிறவளின் முகம் எனக்கு அந்நியமானதல்ல.

வடதுருவத்தான்

ஸ்டாக்ஹோமில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கு இருப்பவனுக்கு மட்டும் தெரியும் சில விஷயங்களைச் சொல்கிறேன், விவாதத்துக்கு உதவலாம்.

முதலில் வெளிச்சம். ஜூன் கடைசியில் இங்கே இரவு பத்து மணிவாக்கில்தான் சூரியன் மறையும், மூன்றரைக்கெல்லாம் மறுபடி எழுந்துவிடும். இடைப்பட்ட நேரமும் முழு இருட்டு அல்ல, நீலம். முதல் ஆண்டு எனக்குத் தூக்கமே வரவில்லை, நள்ளிரவில் சமைத்துக்கொண்டிருந்தேன். நவம்பரில் அதற்கெல்லாம் வட்டியோடு கழித்துக்கொள்வார்கள், பிற்பகல் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும். அதனால் இங்கே கோடை என்பது வெறும் பருவம் அல்ல, கைக்கு வந்து உடனே செலவாகிவிடும் பணம். படத்தில் அவர்கள் படகில் நகரத்தின் பாலங்களுக்கு அடியில் புகுந்து வெளியேறும் அந்த நீண்ட பகுதியை இங்குள்ள என் நண்பர்கள் வசனமே இல்லாமல் முழுசாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நமக்குக் கொஞ்சம் நீளமாகத் தெரியும்.

இரண்டாவது, விடுமுறை. 1951இல்தான் இங்கே தொழிலாளர்களுக்கு மூன்று வாரச் சம்பள விடுப்பு சட்டமானது. அதற்கு முன்பு இரண்டு வாரம். படம் எடுக்கப்பட்டது 1952 கோடையில். எல்லோரும் மூன்று வாரத்தை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இந்த இருவரும் கோடை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள்! அன்றைய பார்வையாளனுக்கு அது காதலைவிடப் பெரிய துணிச்சலாகத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, வீடு. அன்று ஸ்டாக்ஹோமில் கடுமையான வீட்டுப் பஞ்சம். பின்னால் 1965 முதல் 1974 வரை பத்து லட்சம் வீடுகள் கட்டும் திட்டம் போட்டார்கள் என்றால் தட்டுப்பாடு எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்று பாருங்கள். மழைக்குருவி சொன்ன அந்த நெருக்கம் கதைக்காகக் கூட்டிச் சொன்னது அல்ல.

கூர்வாள்

எல்லாம் சரி. ஆனால் இந்தப் படம் உலகம் சுற்றியது இதற்காகவா? அமெரிக்காவில் க்ரோகர் பாப் என்ற வியாபாரி வாங்கி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புதிதாக இசை சேர்த்து, ‘மோனிகா, ஒரு கெட்ட பெண்ணின் கதை’ என்று பெயர் வைத்து விற்றார். அங்கே கூட்டம் சேர்ந்தது கடற்கரைப் பாறைக் காட்சிகளுக்காக. நீங்கள் எல்லோரும் தலைமுறைச் சோகம், வீட்டுப் பஞ்சம் என்று எழுதுகிறீர்கள். சுவரொட்டி ஒட்டியவனுக்கு வேறு கணக்கு இருந்தது.

அறிவாளிகள் மட்டும் என்ன செய்தார்கள்? மோனிகா கேமராவைப் பார்க்கும் அந்த ஷாட்டை 1958இல் பிரெஞ்சு விமர்சகர் கோதார் (பின்னால் இயக்குநரும் ஆனவர்) சினிமா வரலாற்றிலேயே மிகச் சோகமான ஷாட் என்று எழுதினார். சொர்க்கத்தை விட்டு நரகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டோமே என்று தன்னைத் தானே வெறுக்கிறாளாம், அதற்கு நம்மைச் சாட்சிக்கு அழைக்கிறாளாம். ஹாரியின் வீடு சொர்க்கம் என்று இவருக்கு யார் சொன்னது? கெட்ட பெண் என்றவனும் ஆண், பாவம் செய்து வருந்துகிறாள் என்றவரும் ஆண். அவள் சும்மா பார்க்கிறாள். அதைப் பொறுக்க முடியாமல் ஆளாளுக்கு ஒரு வசனம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பழைய டிக்கெட்

கோதாரைத் திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவின் முதல் முழுநீளப் படத்தில், 1959இல், இரண்டு பையன்கள் திரையரங்க வாசலில் இருந்து மோனிகாவாக நடித்த இதே ஹாரியட் ஆண்டர்சனின் புகைப்படத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடுவார்கள். அந்த வயதுப் பையன்களுக்கு அவள் என்னவாக இருந்தாள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சுவரொட்டிக்காரன் ஒரு கணக்குப் போட்டான், சரி. பையன்கள் போட்ட கணக்கு வேறு. வீட்டிலும் பள்ளியிலும் அடைபட்டவர்களுக்கு அவள் திறந்த கதவு.

(நானும் ஒரு படத்தைப் பிய்த்திருக்கிறேன். யாருடையது என்று இங்கே சொல்ல மாட்டேன். வீட்டில் இந்தத் தளத்தைப் படிக்கிறார்கள்.)

ஒளிச்சட்டகம்

காதல் வழக்கை நீங்கள் நடத்துங்கள். நான் ஒளிப்பதிவு உதவியாளனாக இருந்தவன், என் கண் வேறு பக்கம் போகிறது.

ஒளிப்பதிவு குன்னார் ஃபிஷர். ஓர்னோ என்ற தீவில், சின்னக் குழுவோடு, ஒலிப்பதிவுக் கருவி இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு எடுத்தார்கள். தீவுக் காட்சிகளின் பேச்சு பின்னால் சேர்த்தது. அதனால்தான் அந்தப் பகுதியில் கேமரா அத்தனை லேசாக நடமாடுகிறது. பெர்க்மனே தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார்: ஆய்வகத்தில் நெகட்டிவில் கீறல் விழுந்து, எடுத்ததில் பெரும்பகுதியை மறுபடி எடுக்க வேண்டி வந்தது. குழு வெளியே முதலைக் கண்ணீர் வடித்துவிட்டு உள்ளுக்குள் குதித்தது, ஏனென்றால் இன்னும் சில வாரம் தீவில் இருக்கலாம். அவருக்கு அப்போது முப்பத்து நான்கு, ஹாரியட் ஆண்டர்சனுக்கு இருபது. இருவரும் காதலில் இருந்தார்கள். ஆக கேமராவுக்கு முன்னால் ஒரு கோடை, பின்னால் ஒரு கோடை. ஊர் திரும்ப மனமில்லாதவர்கள் எடுத்த படம் என்பது ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிகிறது.

அந்தப் பார்வைக்கு வருகிறேன். இன்று கேமராவைப் பார்த்துப் பேசுவது விளம்பரத்தில்கூட வருகிறது. அன்று ஒரு கதைப்படத்தில் நடிகை அப்படிச் செய்தால் அடுத்த டேக் போகச் சொல்வார்கள். பெர்க்மன் அதை ஏறக்குறைய அரை நிமிடம் நிறுத்தி வைக்கிறார். அதற்குள் இன்னொன்று நடக்கிறது. பின்னணியில் இருக்கும் காப்பிக் கடை மெல்ல இருட்டாகிவிடுகிறது. சுவர் போய்விடுகிறது, பக்கத்தில் இருப்பவன் போய்விடுகிறான், முகம் மட்டும் மிஞ்சுகிறது. விளக்கைக் குறைத்ததை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. அவள் வளர்ந்துகொண்டே வருவது போல் இருந்தது.

இரவுக்காட்சியின் கேள்விக்கு என் தொழில் வழியில் ஒரு பதில்: ஹாரிக்குக் கண்ணாடி கொடுத்தார், மோனிகாவுக்குக் கேமராவைக் கொடுத்தார். எது பெரியது என்று நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

தேன்மிட்டாய்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தமிழ் வசன வரிகளோடு இந்தப் படம் எங்காவது கிடைக்கிறதா? அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

இரவுக்காட்சி

எனக்குக் கிடைத்தவரை ஆங்கில வரிகள்தான். வசனம் குறைவு, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சொல்லிக்கொண்டு போகலாம். நான் என் மனைவிக்கு அப்படித்தான் சொன்னேன். பாதியில் “நீ பேசாமல் இரு, எனக்குப் புரிகிறது” என்று சொல்லிவிட்டாள்.

ஒளிச்சட்டகம், கண்ணாடியும் கேமராவும் என்று நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

பாலைப்பாட்டு

பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் நான். இழையைப் படித்தபோது ஒன்று தோன்றியது. வீட்டை விட்டு இருவர் சேர்ந்து கிளம்பிப் போவதற்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெயர் இருக்கிறது: உடன்போக்கு. அதை வைத்திருக்கும் திணை பாலை. பாலைக்குரிய பருவம் வேனில். அந்த அளவுக்கு நமக்கும் ஸ்வீடனுக்கும் ஒத்துப்போகிறது, கோடையில்தான் ஓடுகிறார்கள். ஆனால் நம் வேனில் சுடுகிற மணல், வற்றிய சுனை. கூடலுக்கு நாம் வைத்திருப்பது குறிஞ்சியின் குளிரும் யாமமும். வடதுருவத்தானின் ஊரில் எல்லாம் தலைகீழ். கூடல் வேனிலில், பிரிவு குளிரில். இந்தப் படத்தை நம் ஊர்க்காரர் ஒருவர் எடுத்திருந்தால் காதல் மழையில் தொடங்கியிருக்கும்.

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நற்றிணையில் ஒரு பாட்டு. பிறந்த வீட்டில் தேன் கலந்த பாலைக் குடிக்க மாட்டேன் என்று பந்தலைச் சுற்றி ஓடி, நரைத்த செவிலித்தாயரை இளைக்க வைத்த சிறுமி, கணவன் வீட்டில் வறுமை வந்தபோது அப்பன் கொடுத்த வளமான சோற்றை நினைக்காமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள். வகுப்பில் நடத்தும்போது என் குரலே தழதழக்கும்.

மோனிகா அப்படிச் செய்யவில்லை. தினமும் காளான் தின்று அலுத்துப்போய், பக்கத்து மாளிகை வீட்டில் திருடப் போகிறாள். பிடிபடுகிறாள். உள்ளே கூட்டிப்போகிறார்கள். மேசையில் வறுத்த இறைச்சி இருக்கிறது. அவள் அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். புதருக்குள் உட்கார்ந்து பல்லால் கிழித்துத் தின்கிறாள். அந்த இடத்தில் அவள் முகத்தில் காதல் இல்லை, ஹாரி இல்லை, யாருமே இல்லை. வயிறு மட்டும். பொழுது மறுத்து உண்ணும் பெண்ணை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புகழ்ந்து பாடம் நடத்தியவள் நான். கிழித்துத் தின்னும் இவளைப் பார்த்துவிட்டு மறுநாள் அதே பாட்டை நடத்தப் போனேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள், “மிஸ், அவளுக்குப் பசிக்காதா?”

வடதுருவத்தான்

பாலைப்பாட்டு அக்கா சொன்ன இறைச்சிக் காட்சிக்கு ஓர் உள்ளூர்க் குறிப்பு. இந்த நாட்டில் வழிவழியாக வந்த ஓர் உரிமை உண்டு. அடுத்தவர் நிலமானாலும் வீட்டை ஒட்டாமல் நடக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம், காட்டில் காளானும் பெர்ரிப் பழமும் பறிக்கலாம். யாரும் கேட்க முடியாது. தோட்டத்தில் விளைந்ததைத் தொட்டால் திருட்டு. ஆகக் காளான் தின்னும்வரை மோனிகா ஊர் வழக்கத்துக்கு உட்பட்டவள். அந்த வீட்டு வேலியைத் தாண்டியதும் திருடி. காடு எல்லோருக்கும் பொது, சாப்பாட்டு மேசை பொது அல்ல. இதைப் படம் எங்கேயும் விளக்கவில்லை. இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையும் இல்லை.

மழைக்குருவி

இறைச்சியோடு ஓடும்போது ஹாரி கூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தனியாகத்தான் ஓடுகிறாள், தனியாகத்தான் தின்கிறாள். கோடை அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். குளிர் பிறகு வந்தது.

இன்னொன்று. ஆரம்பத்தில் இருவரும் சினிமாவுக்குப் போகிறார்கள். திரையில் ஏதோ காதல் படம். மோனிகா மூக்கை உறிஞ்சி அழுகிறாள். ஹாரிக்குக் கொட்டாவி வருகிறது. வெளியே வந்ததும் அவள் அந்த நாயகியைப் போலவே நின்று முத்தம் கேட்கிறாள். நாம் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் வேறு யாராகவாவது ஆக முடியும் என்று அவளுக்குக் காட்டியது அந்தத் திரை ஒன்றுதான். ஹாரிக்குப் புத்தகம் இருந்தது. கடைசியில் அவள் கேமராவைப் பார்க்கும்போது, தான் பார்த்து அழுத அந்தத் திரைக்குள்ளிருந்தே திரும்பிப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது.

கூர்வாள்

இதற்கு நான் எதிர்ப் பேச்சுப் பேச மாட்டேன். நன்றாக இருக்கிறது. எரிச்சலாகவும் இருக்கிறது, எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று.

ஒரு திருத்தம் மட்டும். எல்லோரும் பெர்க்மன், பெர்க்மன் என்கிறீர்கள். கதை பெர் ஆண்டர்ஷ் ஃபோகெல்ஸ்ட்ரோம் என்ற நாவலாசிரியருடையது. திரைக்கதையிலும் அவர் பெயர் உண்டு. ஸ்டாக்ஹோமின் ஏழை உழைப்பாளிகளைப் பற்றியே பின்னால் வரிசையாக நாவல் எழுதியவர். மோனிகாவின் வீட்டு நெருக்கடியும் கிடங்கு வேலையும் அவர் கொண்டுவந்த சரக்கு என்றே நினைக்கிறேன். தீவும் வெயிலும் பெர்க்மனுடையது.

தேன்மிட்டாய்

அம்மாவுக்குக் காட்டிவிட்டேன். வயது அறுபத்தெட்டு. படம் முழுவதும் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார். ஹாரி மோனிகாவை அடிக்கும் இடத்தில் மட்டும் கை நின்றது. முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது கேட்டார், “அந்தப் பெண் அப்புறம் எங்கே போனாள்?” படத்தில் காட்டவில்லை அம்மா என்றேன். “அவன் போனதைக் காட்டினானே” என்றார்.

பழைய டிக்கெட்

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. பேரனிடம் சொல்லிப் படத்தைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். முழுதாகப் பார்க்க முடியவில்லை, கண் வலி. காப்பிக் கடைக் காட்சியை மட்டும் ஐந்தாறு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

பார்க்கிறாள், புகையை விடுகிறாள், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் இப்போது சிரிப்பாள், இப்போது சிரிப்பாள் என்று காத்திருந்தேன். நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ இளைஞர்களிடம் அந்தச் சிரிப்பைப் பற்றி விளக்கிச் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் எழுதினேன், நீங்கள் யாரும் மறுக்கவில்லை. பேரன் கேட்கிறான், “தாத்தா, வேறு ஏதாவது பிரதியில் பார்த்தீர்களா?” என்று. வேறு பிரதி எல்லாம் கிடையாது.

இரவுக்காட்சி

ஐயா, நீங்கள் எழுதியபோது நான் மறுக்காததற்குக் காரணம் இருக்கிறது. அப்போது படத்தைப் பார்த்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் நீங்கள் சொன்னவுடன் எனக்கும் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்துவிட்டது.